மொரெத்தி லா ரொஸ்ஸா: பாண் சுடுகிறவன் குடித்துப் பார்த்த இத்தாலியச் சிவப்பு பியர்

என் மனைவியின் தம்பி இத்தாலியில், பலெர்மோவில் இருக்கிறான். பதினாறு வருடமாக ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் வேலை. போன ஆடி மாதம் லீவில் வந்தபோது, பெட்டியின் நடுவில் இரண்டு சாரமும் ஒரு துவாயும் சுற்றி நான்கு போத்தல் பியர் கொண்டுவந்தான். வந்து சேர்ந்தது மூன்று. விமானத்தில் பெட்டியை எறிந்த எறியில் ஒன்று கழுத்தோடு உடைந்து, அக்காவுக்கு என்று வாங்கிய சேலையையும் நனைத்துவிட்டது. பெட்டியைத் திறந்ததும் வீடு முழுக்க ஒரு மணம். மனைவி நனைந்த சேலையைத் தூக்கி மூக்கடியில் பிடித்துவிட்டுச் சொன்னாள்: “இஞ்ச பாருங்க, இது சாராய மணம் இல்ல. நெஸ்டமோல்ட் மணம்.”

அவள் சொன்னது சரி. கோப்பையில் நெஸ்டமோல்ட் தூளைப் போட்டுக் கொதிதண்ணீர் விட்டவுடன் ஒரு மணம் எழும்புமே, அதேதான். அதோடு கொஞ்சம் கருகல், கொஞ்சம் பனங்கட்டி. எனக்கு அந்த மணம் இன்னொரு வழியிலும் பழக்கம். நான் பாண் சுடுகிறவன். திருகோணமலையில் அநுராதபுரச் சந்திப் பக்கம் அப்பா நடத்திய பேக்கரியை முப்பத்தொரு வருடமாக நடத்துகிறேன். அப்பா காலத்தில் விறகுப் போறணை. இப்போது மின்சார அடுப்பு. விறகானாலும் மின்சாரமானாலும் விடிய நாலு மணிக்குக் கதவைத் திறக்கும்போது முகத்தில் வந்து அடிக்கும் மணம் ஒன்றுதான். நன்றாக வெந்த றோஸ் பாணின் அடித்தோலைக் கையால் பிய்த்து மூக்கில் வைத்துப் பாருங்கள். அதுதான் அந்தச் சேலையில் இருந்தது.

அதனால் இந்தப் பியரைப் பற்றி எழுத எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன். வைன் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. பாண் தோல் பற்றித் தெரியும்.

பியரின் பெயர் பிர்ரா மொரெத்தி லா ரொஸ்ஸா. ‘ரொஸ்ஸா’ என்றால் சிவப்பு. பழுப்பு நிறப் போத்தல், 33 சென்டிலீட்டர், மதுசாரம் 7.2 வீதம். லேபிளில் தொப்பி வைத்த ஒரு பெரிய மீசைக்காரர் பியர்க் குவளையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். பலெர்மோவில் இது அபூர்வமான சாமான் இல்லையாம். வீட்டுக்குப் பக்கத்துச் சுப்பர்மார்க்கெட்டில் இரண்டு யூரோவுக்கும் குறைவு என்றான் தம்பி. எங்கள் ஊரில் நான் எந்தக் கடையிலும் கண்டதில்லை. இங்கே ‘வைன் ஸ்டோர்ஸ்’ என்று பலகை போட்ட கடைக்குள் போனால் சாராயமும் லயன் பியரும்தான் முன் தட்டில் இருக்கும். ஆகவே இது கடைக்குப் போய் வாங்குங்கள் என்று சொல்லும் எழுத்து இல்லை. இத்தாலியிலிருந்து யாராவது வருகிறார்கள் என்றால் சொல்லி எடுப்பிக்கலாமா, வேண்டாமா என்பதற்கான எழுத்து.

முதல் போத்தலை வந்த மறுநாளே திறந்தோம். கச்சான் காற்று அடிக்கிற காலம். திருகோணமலையில் இருப்பவர்களுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்க்காரருக்குச் சொல்வதானால், பின்னேரம் ஐந்து மணிக்கும் போறணை வாயில் நிற்பது போலத்தான் இருக்கும். உப்புவெளியில் எங்கள் வீட்டுப் பின்விறாந்தையில் கடல் இரைச்சல் கேட்கும், ஆனால் அந்த மாதங்களில் காற்று தரைப் பக்கமிருந்து வருவதால் கடலின் குளிர் வராது. அந்த வெக்கைக்கு எல்லாரும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். போத்தலை ஐஸ் பெட்டிக்குள் ஒரு மணித்தியாலம் வைத்து, கையில் பிடிக்க முடியாத குளிரில் எடுத்துத் திறந்தோம்.

ஒன்றும் தெரியவில்லை. குளிர், வாயு, நாக்கின் நுனியில் ஒரு இனிப்பு, அடியில் ஒரு கசப்பு. மணமே இல்லை. சேலையில் அவ்வளவு வீசிய மணம் எங்கே போனது? “அத்தான், கொஞ்சம் பொறுங்க. அங்க இதை இப்பிடிக் குளிரக் குடிக்கமாட்டினம்” என்றான் தம்பி. சரி என்று கிளாஸை மேசையில் வைத்துவிட்டு ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தோம்.

இருபது நிமிடம் இருக்கும். கிளாஸின் வெளிப்புறத்தில் வேர்த்த தண்ணீர் ஓடி முடிந்து மேசையில் வளையம் கட்டிவிட்டது. எடுத்து மூக்கில் வைத்தேன். பாண் தோல் வந்துவிட்டது.

அந்தக் கிளாஸை மின்குமிழுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். கறுப்பு இல்லை. சாயம் கூடின பிளேன்டீ நிறம். ஓரத்தில் மாணிக்கச் சிவப்பு. ரொஸ்ஸா என்ற பெயர் பொருத்தம். நுரை பழுப்பு கலந்த வெள்ளை, இரண்டு விரல் உயரத்துக்கு எழும்பி, நாலைந்து நிமிடத்தில் ஒரு மெல்லிய ஏடாகப் படிந்தது. வாயில் வைத்ததும் முதலில் வருவது சுட்ட தானியத்தின் இனிப்பு. சீனி இனிப்பு இல்லை. பாணை நெடுநேரம் மென்றால் கடைசியில் வாயில் ஊறுமே, அந்த இனிப்பு. அதற்குப் பின்னால், கிறிஸ்மஸ் கேக்குக்குச் சீனியை உருக்கிக் கருக்கும்போது அது பொன்னிறத்திலிருந்து செம்பழுப்புக்கு மாறும் நேரத்தில் ஒரு வாசம் வரும். அது. பிறகு கேக்குக்குப் போடுகிற பிளம்ஸ், கொஞ்சமாக. விழுங்கும்போது தொண்டையில் ஒரு சூடு. கடைசியில் பிளேன்டீக் கசப்பைப் போல மெல்லிய கசப்பு வந்து வாயைத் துடைக்கிறது. ஆனால் முழுதாகத் துடைக்கவில்லை. உதட்டில் இனிப்புப் பிசுக்கு நிற்கிறது. அதுதான் இந்தப் பியரில் நான் காணும் முதல் குறை. இன்னும் ஒரு துளி கசப்பு இருந்திருந்தால் அடுத்த மிடறு தானாக இழுத்திருக்கும். இரண்டாவது குறை, வாயு கொஞ்சம் கூட. இவ்வளவு கனமான பியருக்கு அவ்வளவு குத்தல் தேவையில்லை.

இந்த மணமும் பாண் தோலின் மணமும் ஒன்றாக இருப்பது தற்செயல் இல்லை. பார்லியைத் தண்ணீரில் ஊறவைத்து, சில நாள் முளைக்கவிட்டு, முளை நீளமுன் சூடு காட்டிக் காயவைப்பதுதான் மோல்ட். குழந்தைக்குக் கூழ் காய்ச்சக் குரக்கனை முளைகட்டிக் காயவைத்து இடிக்கிறோமே, அதே வேலை. முளைக்கும்போது தானியத்துக்குள் இருக்கும் மாப்பொருளைச் சீனியாக்கும் நொதிகள் விழித்துக்கொள்ளும். மெல்லிய சூட்டில் காயவைத்தால் மோல்ட் வெளிர் நிறத்தில் இருக்கும். அதிலிருந்து வெளிர் பியர். சூட்டைக் கூட்டினால் அந்தச் சீனியும் தானியத்தின் புரதமும் சேர்ந்து நிறமும் மணமும் பிறக்கும். 1912இல் மையார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் எழுதிவைத்த தாக்கம் அது. பாணின் தோல் சிவப்பதும், வறுத்த தூள் கறுப்பதும், தேங்காய்ப்பூவை வறுக்கும்போது குசினி மணப்பதும் அதனால்தான். நான் முப்பத்தொரு வருடமாக ஒவ்வொரு விடியலிலும் அதைச் செய்துகொண்டிருக்கிறேன். அதற்கு ஒரு பெயர் உண்டு என்பது என் மகன் உயர்தரத்தில் வேதியியல் படித்த காலத்தில்தான் தெரியவந்தது.

எங்கள் தொழிலில் இதற்கு நல்ல ஒரு அளவு உண்டு. சீனக்குடா ஆலையிலிருந்து வரும் மா ஒரே மாதான். அதே மாவை ஒருவன் வெளிறிய தோலோடு இறக்குவான், ஒருவன் செம்பழுப்பில் இறக்குவான், ஒருவன் கருக்கிவிடுவான். வெளிறியதில் மணம் இல்லை. கருகியதில் கசப்பு மட்டும். நடுவில் இரண்டு மூன்று நிமிடம்தான் இருக்கிறது. லா ரொஸ்ஸாவை ஆக்குகிறவர்கள் தங்கள் மோல்ட்டை அந்த நடுவில் பிடித்திருக்கிறார்கள். இதில் கோப்பி வாசம் இல்லை, கரி வாசம் இல்லை. தோல் சிவந்து, கருகமுன் நிறுத்தப்பட்டிருக்கிறது. எனக்கு இந்தப் பியர் பிடித்துப்போனதற்கு முழுக் காரணமும் இதுதான்.

லேபிளில் ‘தொப்பியோ மால்தோ’ என்று ஒரு சொல் இருக்கிறது. இரட்டை மோல்ட் என்று பொருள். மோல்ட்டை இரண்டு மடங்கு போட்டார்கள் என்றோ இரண்டு தரம் வறுத்தார்கள் என்றோ நானும் முதலில் நினைத்தேன். அப்படி இல்லை. இத்தாலியில் பியருக்கென்று 1962ஆம் ஆண்டின் ஒரு சட்டம் உண்டு. அதன் திருத்தங்களின்படி, நொதிக்க விடுமுன் பியர்ச் சாற்றில் கரைந்திருக்கும் பொருள் பிளேட்டோ என்ற அளவையில் 14.5க்குக் குறையக்கூடாது, அப்போதுதான் இந்தச் சொல்லைப் போடலாம். நூறு கிராம் சாற்றில் பதினாலரைக் கிராம் சீனியும் தானியச் சத்தும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண வெளிர் பியருக்கு அது பதினொன்று, பன்னிரண்டு அளவில் இருக்கும். ஆக, இரட்டை என்பது கணக்கு இல்லை, வகைப் பெயர்.

எங்கள் ஊரில் ‘ஸ்ட்ரோங்’ என்றால் போதைக்கு ஒரு கணக்கு, அவ்வளவுதான். எத்தனை வீதம் என்று கேட்டு வாங்குகிறார்கள். பியரில் மதுசாரத்தை ஏற்ற இரண்டு வழி உண்டு. தானியத்தைக் கூட்டலாம், அல்லது வெறும் சீனியைச் சேர்க்கலாம். வெறும் சீனியை ஈஸ்ட் முழுதாகத் தின்றுவிடும். மதுசாரம் மிஞ்சும், வாயில் ஒன்றும் மிஞ்சாது. தானியத்தைக் கூட்டினால் ஈஸ்ட் தின்ன முடியாத ஒரு பங்கு பியரிலேயே தங்கி, அதற்கு ஒரு கனம் கொடுக்கும். மாவுக்கு ஈஸ்ட்டைக் கூட்டிப் போட்டு அவசரமாகப் பொங்கவைத்த பாணும், இரவு முழுக்கப் புளிக்கவிட்ட பாணும் அளவில் ஒன்றாகத்தான் இருக்கும். கையில் எடுத்தால் வித்தியாசம் தெரியும். லா ரொஸ்ஸாவைக் குடிக்கும்போது 7.2 வீதம் என்பது தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கவில்லை. தானியத்துக்குள் அடங்கியிருந்தது.

அடங்கியிருக்கிறது என்பதால் கவனம் தேவை. ஒரு போத்தலில் கிட்டத்தட்ட 24 மில்லிலீட்டர் மதுசாரம் இருக்கிறது. 33.5 வீதச் சாராயத்தில் எழுபது மில்லி குடித்ததற்குச் சமம். நாங்கள் ஒரு போத்தலை இரண்டு பேர் பங்கிட்டுத்தான் குடித்தோம். மோட்டார் சைக்கிள் திறப்பை மனைவி முதலே எடுத்து அலுமாரிக்குள் வைத்துவிட்டாள்.

வைன் குடிக்கிற நாட்டுக்கு இப்படி ஒரு பியர் எங்கிருந்து வந்தது என்று தம்பியிடம் கேட்டேன். அவன் இருக்கும் சிசிலி, நேரோ தாவொலா என்ற கறுப்புத் திராட்சை விளையும் ஊர். மர்சாலா வைனும் அங்கேதான். சாப்பாட்டு மேசைக்கு வைன், பீட்சாவுக்கு பியர், இதுதான் அங்கத்தைய பழக்கம் என்றான். அது எனக்கு உடனே விளங்கியது. பீட்சா என்பது பாண்தானே. பாணுக்கும் பியருக்கும் தாய் ஒன்று, தானியமும் ஈஸ்ட்டும்.

ஆனால் இந்தப் பியர் பிறந்த இடம் சிசிலி இல்லை. இத்தாலியின் வடகிழக்கு மூலை, உதினே என்ற நகரம். 1859இல் லூயிஜி மொரெத்தி என்பவர் அங்கே ‘பியரும் ஐஸும்’ செய்யும் தொழிற்சாலை என்று ஒன்றைத் தொடங்கினார். அப்போது உதினே இத்தாலிக்குச் சொந்தமில்லை. ஆஸ்திரியப் பேரரசுக்குள் இருந்தது. 1866இல்தான் இத்தாலியோடு சேர்ந்தது. அந்த ஊரைச் சுற்றிய குன்றுகளிலும் திராட்சைதான், அருமையான வெள்ளை வைன் செய்கிற இடம். ஆனால் மலைக்கு அந்தப் பக்கம் பியர் குடிக்கிறவர்கள். எல்லைக் கோடு இடம் மாறியது, நாக்கு மாறவில்லை. பியரும் ஐஸும் ஒரே தொழிற்சாலையில் என்பதும் சும்மா இல்லை. இந்த வகைப் பியரைக் குளிரில் மெதுவாக நொதிக்கவிட்டு, வாரக்கணக்கில் குளிரிலேயே ஆறப்போட வேண்டும். குளிரூட்டும் இயந்திரம் இல்லாத காலத்தில் ஐஸ் இல்லாமல் அது நடக்காது. கொட்பே துறைமுகத்தில் ஐஸ் கட்டி வராத நாளில் மீன்காரர் படும் பாட்டைப் பார்த்தவர்களுக்கு அது விளங்கும். மொரெத்தி 1996இலிருந்து ஹைனெக்கன் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. ஆக, சின்னக் கடையின் கைவேலை என்று இதை நான் சொல்லவரவில்லை. பெரிய கம்பனிப் பியர். அப்படியிருந்தும் இவ்வளவு மணம் இருக்கிறது என்பது நல்ல விசயம்.

லேபிளில் உள்ள மீசைக்காரருக்கும் ஒரு கதை சொல்கிறது கம்பனி. 1942இல், மொரெத்தி குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் உதினேக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இந்தப் பெரியவர் உட்கார்ந்திருப்பதைக் கண்டு படம் எடுக்கலாமா என்று கேட்டாராம். பதிலுக்கு என்ன வேண்டும் என்று கேட்க, குடிக்க ஒன்று தந்தால் போதும் என்றாராம் பெரியவர். 1942 என்ற வருடத்தைக் கேட்டதும் எனக்கு அப்பா ஞாபகம் வந்தார். அந்த வருடம் ஏப்ரல் 9ஆம் திகதிதான் ஜப்பான் விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்டன. அப்பாவுக்கு அப்போது ஐந்து வயது. அப்பம்மா அவரைத் தூக்கிக்கொண்டு ஊரைவிட்டுக் காட்டுப் பக்கம் ஓடியதைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். உலகம் எரிந்துகொண்டிருந்த வருடத்தில் ஒரு கிழவர் ஓரமாக இருந்து நுரையை ருசி பார்த்திருக்கிறார். அவர் முகத்தை அதற்குப் பிறகு நான் வேறு மாதிரித்தான் பார்க்கிறேன்.

இந்த மோல்ட் கனத்த, இனிப்புச் சாய்ந்த வகைக்கு ஜெர்மன் மொழியில் டொப்பல்பொக் என்று பெயர். அதன் தாய்வீடு மியூனிக். 1627இல் அங்கே வந்து மடம் அமைத்த பவுலானர் சபைத் துறவிகள் தொடங்கிவைத்தது. நாங்கள் கத்தோலிக்கர். தவக்காலத்தில் எங்கள் வீட்டில் இறைச்சியும் இல்லை, மதுவும் இல்லை. துறவிகள் நோன்பு காலத்தில் பியர் குடித்தார்கள் என்று முதலில் கேட்டபோது எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. பிறகு அவர்களுடைய சபை எது என்று தேடிப் படித்தேன். அந்தச் சபையை நிறுவியவர் பவுலா நகர் புனித பிரான்சிஸ்; 1416இல் இத்தாலியின் கலாபிரியாவில் பிறந்தவர். அவருடைய துறவிகளுக்கு வருடம் முழுதும் தவக்காலம். இறைச்சி, முட்டை, பால் எதையும் வாழ்நாள் முழுக்கத் தொடமாட்டோம் என்று வாக்குக் கொடுத்தவர்கள். பனி கொட்டும் ஊரில் அப்படி வாழ்கிற மனிதருக்குத் தானியத்தைக் காய்ச்சிய இந்தச் சாறு உணவாக இருந்திருக்கிறது. திரவப் பாண் என்று அதைச் சொல்வார்கள். பாணைச் சாப்பிட்டு நோன்பிருக்கலாம் என்றால் இதையும் குடித்திருக்கலாம்தானே. மனதுக்கு ஆறுதலாக இருந்தது. டொப்பல்பொக்கை மியூனிக்குக்குக் கொடுத்த சபையே ஓர் இத்தாலியரின் சபை என்பதைச் சொன்னபோது தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தான். அந்தப் புனிதர் தன் மேலாடையைக் கடலில் விரித்து, அதன்மேல் நின்று சிசிலிக்குக் கடல் கடந்தார் என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்த கதையாம்.

பலெர்மோ பற்றி இன்னொன்றும் சொன்னான், இதற்குச் சம்பந்தமில்லைதான். அங்கே மொந்தே பெல்லெக்ரினோ மலைமேல் சாந்தா ரொசாலியாவின் குகைக்கோயில் இருக்கிறது. நம்மவர்கள், சைவர்களும் கத்தோலிக்கரும், ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மலை ஏறுகிறார்கள். மலையில் நின்று கடலைப் பார்த்தால் கோணேசர் மலையில் நிற்பது போலிருக்கும் என்றான். சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கியது.

இரண்டாவது போத்தலை ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டோடு திறந்தோம். இந்த முறை முறையாகச் செய்தேன். ஐஸ் பெட்டியில் இல்லை, பிரிட்ஜின் கதவுத் தட்டில் வைத்து, திறக்குமுன் இருபது நிமிடம் வெளியில். எங்கள் வெக்கைக்கு அதைவிடக் கூட வைக்கக்கூடாது, முப்பது நிமிடத்தில் வெதுவெதுப்பாகிவிடும். அகன்ற வாய்க் கிளாஸ். சில்வர் டம்ளரில் ஊற்றாதீர்கள். நிறம் தெரியாமல் போவது பெரிய நட்டம்.

மேசையில் நாலு வகை இருந்தது. நண்டுக் குழம்போடு ஒரு மிடறு குடித்தேன், தவறு. உறைப்பும் மதுசாரச் சூடும் ஒன்றையொன்று ஏற்றிவிட்டு, நண்டின் இனிப்பும் தெரியவில்லை, பியரின் இனிப்பும் தெரியவில்லை. கணவாய்ப் பிரட்டல் பரவாயில்லை. தொதல் ஒரு துண்டு கடித்துக் குடித்துப் பார்த்தேன். இனிப்பின்மேல் இனிப்பு, பியர் தண்ணீர் போலாகிவிட்டது. ஆனால் பன்றிக் கறி! என் மனைவி வைக்கும் பன்றிக் கறி கறுப்பாக இருக்கும். மல்லியும் சீரகமும் மிளகும் புகைவர வறுத்து அரைத்த தூள், கொறுக்காய்ப் புளி, கடைசியில் கொழுப்பு பிரிந்து மேலே மிதக்கும்வரை பிரட்டல். அதை றோஸ் பாண் துண்டில் தோய்த்துச் சாப்பிட்டு, பின்னால் லா ரொஸ்ஸாவை ஒரு மிடறு. வறுத்த தூளின் கசப்பைப் பியரின் இனிப்பு வந்து தொட்டது. கொழுப்பை அந்தக் கூடிப்போன வாயு கழுவியது. முதல் போத்தலில் குறையாகச் சொன்னது இங்கே உதவியாக மாறிவிட்டது. புளி, உதட்டுப் பிசுக்கை எடுத்துவிட்டது. மூன்று பேரும் பேச்சை நிறுத்திவிட்டுச் சாப்பிட்டோம். மனைவி என் கிளாஸிலிருந்து ஒரு மிடறு குடித்துவிட்டு, “கறிக்காகவே செஞ்ச மாதிரி இருக்கு” என்றாள். தன் கறியைப் புகழ்ந்தாளா, பியரையா என்று நான் கேட்கவில்லை. இரண்டுக்கும் அந்தப் புகழ் தகும்.

நம் நாட்டில் கறுத்த பியர் என்றால் லயன் ஸ்டவுட். அதோடு ஒப்பிடாமல் இதை முடிக்க முடியாது. 1881இல் நுவரெலியாவில் தொடங்கிய சிலோன் பிரூவரியின் வழிவந்தது அது. இப்போது ஆக்குவது பியகமவில். 8.8 வீதம். பியர் பற்றி எழுதிய மைக்கேல் ஜாக்சன் என்ற ஆங்கிலேயர் (பாடகர் இல்லை) நுவரெலியாவுக்கே வந்து குடித்துப் புகழ்ந்து எழுதியதால்தான் வெளிநாட்டுப் பியர்ப் பிரியர்களுக்கு அது தெரியவந்தது. ஸ்டவுட்டில் தானியம் கருகும்வரை வறுக்கப்படுகிறது. கோப்பி, கறுப்பு சொக்லேட், ஒரு புகை. ஆழம் என்று பார்த்தால் ஸ்டவுட்டுக்குத்தான் என் முதல் இடம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இங்கே கையெட்டும் தூரத்தில் இருக்கும் அந்தப் பொருளை நாமே மதிப்பதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம். ஆனால் ஸ்டவுட்டைச் சாப்பாட்டோடு குடிக்க முடியாது. அது தானே ஒரு சாப்பாடு. லா ரொஸ்ஸா மேசைக்கு வந்து மற்றவற்றோடு உட்கார்ந்துகொள்கிறது. வைன் குடிக்கிற நாட்டுக்காரர் செய்த பியர் என்பது அங்கேதான் எனக்குத் தெரிந்தது. சாப்பாட்டை மனதில் வைத்துச் செய்திருக்கிறார்கள்.

மூன்றாவது போத்தலை மகனின் பிறந்தநாளுக்கென்று வைத்தேன். இருபத்திமூன்று முடிகிறது, அப்பாவோடு ஒரு கிளாஸ் குடிக்கிற வயது. தம்பி திரும்பிப் போய் ஆறு வாரம் கழித்துத்தான் அந்த நாள் வந்தது. பிரிட்ஜில் இடமில்லை என்று பேக்கரிச் சாமான் அறையில், மா மூட்டைகளுக்குப் பின்னால், வெளிச்சம் படாத இடத்தில் வைத்திருந்தேன். வெளிச்சம் படவில்லை. ஆனால் அடுத்த சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்பு. திறந்து ஊற்றியதும் நிறம் அதே நிறம்தான். மணம் போய்விட்டது. ஈரமான காட்போட் பெட்டியின் வாசம், அதற்குள் பழைய பிளம்ஸின் புளிப்பு. சூடு பியரைக் கிழடாக்கிவிடும் என்பது கேள்விப்பட்ட விசயம். ஆறு வாரத்தில் இவ்வளவு என்று நான் நினைக்கவில்லை. மகன் ஒரு மிடறு குடித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வைத்தான். அவனுக்கு இதைப் பற்றி அவ்வளவு சொல்லிவைத்திருந்தேன். அந்தக் கிளாஸை அவன் மெதுவாக மேசையில் வைத்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. ஆகவே யாராவது உங்களுக்குக் கொண்டுவந்து தந்தால், பிரிட்ஜில் உள்ள மற்றச் சாமானை வெளியே எடுத்துவிட்டு இதை உள்ளே வையுங்கள். கட்டுநாயக்கவிலிருந்து இங்கே வரும் ஆறேழு மணித்தியால வான் பயணத்தில் என்ஜின் பக்கத்தில் வைக்காதீர்கள்.

மிச்சத்தைக் கொட்ட மனம் வரவில்லை. 280 மில்லி இருந்தது. அன்றிரவு 460 கிராம் மாவில் தண்ணீருக்குப் பதிலாக அதை முழுக்க விட்டு, வழமையான உப்பும் ஈஸ்ட்டும் போட்டுப் பிசைந்தேன். மா வழக்கத்தைவிடக் கொஞ்சம் மந்தமாகத்தான் பொங்கியது. இரண்டு சின்னப் பாண் வந்தது. விடிய நாலரைக்குக் கதவைத் திறந்தபோது தோல் எங்கள் பாணைவிட இரண்டு மடங்கு சிவந்திருந்தது, உள்ளே வெட்டினால் பழுப்பு. காட்போட் வாசம் சூட்டில் எங்கோ போய்விட்டது. மகனை எழுப்பி, வெண்ணெய் பூசி, சூடாக ஒரு துண்டு கொடுத்தேன். தின்றுவிட்டு, “அப்பா, இதுதானா நீங்க சொன்ன மணம்?” என்றான்.